புத்தாண்டுத் தீர்மானமும் இச்சையடக்கமும்: ஒரு சபையாக என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். சபையில் இந்த ஆண்டுக்கு 'இச்சையடக்கமும் ஆவிக்குரிய வளர்ச்சியும்' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் புத்தாண்டு ஆராதனையில் கண்ணீரோடு தீர்மானம் எடுக்கிறோம். பிப்ரவரி வருவதற்குள் பலரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறோம். இச்சையடக்கம் ஆவியானவர் தருகிற கனி என்றால் நாம் ஏன் முயல வேண்டும்? நம் முயற்சியால் வருவது என்றால் அதை ஏன் கனி என்று சொல்ல வேண்டும்? வாலிபர் குழுவை நடத்துகிற ஒருவர் இந்த ஆண்டு நடைமுறையில் என்ன செய்யலாம்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால் மற்றவை தானாகவே இடத்தில் வந்து உட்காரும். வீட்டு ஜெபக்குழுக்களையும் வேதபாட வகுப்புகளையும் நான் நெடுங்காலமாக நடத்தி வருகிறேன். தீர்மானம் உடைந்துபோனவர்களோடு உட்கார்ந்து பேசும்போது, அவர்களிடம் பக்திக்குக் குறைவிருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. தனியாக ஒரு முடிவெடுத்திருப்பார்கள், தனியாகச் சுமந்திருப்பார்கள், தனியாகவே விழுந்திருப்பார்கள். மறு ஞாயிறு அதே வரிசையில் உட்கார்ந்து பாடியவருக்குக்கூட அது தெரிந்திருக்காது. இச்சையடக்கம் என்றால் ஒருவருடைய தனிப்பட்ட மனவலிமை என்று நினைத்துக்கொண்டதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் வரும் ஆவியின் கனியை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடியும் பட்டியல். ஆனால் அந்த இரண்டு வசனத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டோம். அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். 15ஆம் வசனத்தில் பவுல், ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிந்துபோவீர்கள் என்று எச்சரிக்கிறார். அடுத்து மாம்சத்தின் கிரியைகளைப் பட்டியலிடுகிறார். விபசாரம், வெறி போன்றவை நமக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பட்டியலில் ஏறக்குறையப் பாதி வேறு வகை: பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள். இவற்றை யாரும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து செய்ய முடியாது. சபைக்குள் செய்கிற பாவங்கள் இவை.

அப்புறம் கனியின் பட்டியல். அது முடிந்த சில வசனங்களிலேயே 6ஆம் அதிகாரம் தொடங்கிவிடுகிறது: ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்கள் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் சீர்பொருந்தப் பண்ண வேண்டும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்கிறார். கடித்துக்கொள்கிற ஒரு சபையில் தொடங்கி, பாரம் சுமக்கிற ஒரு சபைக்குப் போகிற வழியில்தான் இச்சையடக்கம் என்ற சொல் வருகிறது. பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது ஒரு தனி ஆளுக்கு அல்ல, கலாத்தியா நாட்டிலுள்ள சபைகளுக்கு. புத்தாண்டுப் பிரசங்கத்தில் இதைச் சொல்லாமல், "இந்த ஆண்டு உங்கள் இச்சைகளை அடக்குங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தனியாகப் போராடத் தொடங்குவார்.

கனியா, முயற்சியா என்ற கேள்விக்கு 2 பேதுரு முதல் அதிகாரம் நேராகவே பதில் தருகிறது. 3ஆம் வசனம், ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவையும் தேவவல்லமை ஏற்கெனவே தந்துவிட்டது என்கிறது. 5ஆம் வசனம், இப்படியிருக்க நீங்கள் அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய் இருங்கள் என்கிறது. தரப்பட்டிருக்கிறது, ஆகவே முயலுங்கள் என்ற வரிசை அது. பெற்றுக்கொள்வதற்காக முயல்கிறவருக்கு ஒவ்வொரு தோல்வியும் தண்டனை போல இருக்கும். பெற்றுக்கொண்டதால் முயல்கிறவர் விழுந்தாலும் யாரிடம் திரும்ப வேண்டும் என்று அறிந்திருப்பார். பிலிப்பியர் 2ஆம் அதிகாரமும் இதையேதான் சொல்கிறது: பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே.

அதே பேதுருவின் நிருபத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். விசுவாசத்தோடு தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், கடைசியாக அன்பு. இச்சையடக்கம் நடுவில் இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய ஊர் அன்புதான். இதை வைத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உபவாசத்தைத் தவறாமல் அனுசரிக்கிறோம், அதிகாலையில் எழுகிறோம், ஆனால் எழாதவர்களைப் பற்றி நமக்குள் ஒரு இளக்காரம் வளர்கிறது என்றால், வளர்ந்தது இச்சையடக்கம் அல்ல. 'தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே' என்ற கட்டளைகளைப் பற்றிக் கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை இந்த ஆண்டு தலைவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஞானம் போலத் தோன்றினாலும், அவற்றால் பயன் இல்லை என்கிறார்.

இச்சையடக்கம் என்றாலே ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனைச் சொல்வார்கள். 'எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்' என்று இளமையில் ஜெபித்ததாக அவரே எழுதியிருக்கிறார். 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அவர் ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைத் திறந்து வாசித்ததும், அதோடு அவருடைய வாழ்க்கை மாறியதும் பலருக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துக்கு அவர் தனியாக வரவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அலிப்பியுஸ் என்ற நண்பர் கூடவே வந்திருந்தார். அழுகை பெருகியபோது அகுஸ்தீன் கொஞ்சம் விலகிப் போனார்; வாசித்து முடித்ததும் திரும்பி வந்து நண்பரிடம் சொன்னார். அலிப்பியுஸ் அந்தப் புத்தகத்தை வாங்கி அடுத்த வசனத்தைப் பார்த்தார். 'விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று இருந்தது. அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். இச்சைகளுக்கு இடம் கொடாதே என்ற வசனமும் பலவீனனைச் சேர்த்துக்கொள் என்ற வசனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிற சபைகளில்தான், விழுந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றுபோகிறார்கள்.

நாம் கூடுகிற நள்ளிரவு ஆராதனையின் வரலாறும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1733ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் ஆண்டின் கடைசி இரவை விழித்திருந்து ஜெபத்தில் கழித்தார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே இருந்த கிங்ஸ்வுட்டின் கதை எனக்கு இன்னும் பிடித்தமானது. அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். முன்பு மதுக்கடையில் கழித்த இரவுகளை, மனந்திரும்பிய பிறகு அவர்கள் கூடி ஜெபிக்கிற இரவுகளாக மாற்றிக்கொண்டார்கள் என்று மெதடிஸ்டுகள் சொல்வார்கள். இதை நிறுத்திவிடுங்கள் என்று சிலர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் ஆலோசனை சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை, தானும் வருவதாகச் சொல்லி அனுப்பினார். பௌர்ணமிக்கு அருகில் வரும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார், போக வர வெளிச்சம் இருக்குமே என்று.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, குடிக்காதே என்ற தீர்மானத்தோடு அந்தத் தொழிலாளிகள் ஆளுக்கொரு வீட்டில் படுத்துக்கொள்ளவில்லை என்பதுதான். ஆபத்தான அந்த நேரத்தில் ஒன்றாக இருந்தார்கள். வெறுமையான இரவு எவ்வளவு கொடியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வாலிபர்களிடம் எந்த நேரம் கடினமானது என்று கேட்டுப் பாருங்கள். பலர் இரவு என்றுதான் சொல்வார்கள், கையில் கைபேசியோடு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. அந்த நேரத்துக்குச் சபை என்ன வைத்திருக்கிறது?

அடுத்து 1742. பிரிஸ்டலில் கட்டிய ஆலயத்தின் மேல் கடன் இருந்தது. அதை அடைக்க ஒருவர் யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி கொடுக்கட்டும், பதினொரு பேரிடம் நான் போய் வசூலிக்கிறேன், கொடுக்க முடியாதவர்களுக்காக நானே போடுகிறேன். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குச் சிலரை எடுத்துக்கொண்டார்கள். காசு வாங்க வாரம்தோறும் வீட்டுக்குப் போனபோது, உள்ளே நடப்பது கண்ணில் பட்டது. ஒருவர் சரியாக வாழவில்லை என்று தெரியவந்தது, இன்னொருவர் சோர்ந்திருப்பது தெரிந்தது. இவ்வளவு நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்கு உடனே பட்டுவிட்டது. பிற்பாடு வீடு வீடாகப் போவதற்குப் பதில் பன்னிரண்டு பேரளவில் ஒரே இடத்தில் கூடத் தொடங்கினார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்த வகுப்புக் கூட்டம் இப்படிப் பிறந்தது. தேவனோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்க 1755ல் வெஸ்லி தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை நாளடைவில் ஆண்டின் தொடக்கத்தில் வைத்தார்கள். இன்றும் பல சபைகளில் புத்தாண்டின் முதல் ஞாயிறில் அது நடக்கிறது. ஆனால் அன்று அந்த உடன்படிக்கையைச் சொன்னவர்களுக்கு அடுத்த வாரம் போய் உட்கார ஒரு வகுப்பு இருந்தது. நாம் ஆராதனையை வைத்துக்கொண்டு வகுப்பை விட்டுவிட்டோம்.

மனோதத்துவ ஆய்வுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாலிபர்கள் இதைக் கேட்பார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் 200க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு வாரம் முழுக்க அவ்வப்போது, இப்போது என்ன ஆசை எழுகிறது, அதை எதிர்க்கிறீர்களா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 2012ல் வெளியான அந்த ஆய்வில், சுயக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் சோதனைகளோடு அதிகம் மல்லுக்கட்டவில்லை. அவர்களுக்கு அப்படிப்பட்ட போராட்டங்களே குறைவாக வந்தன. வாழ்க்கையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருங்கள் என்ற ரோமர் 13இன் கடைசி வசனம் சொல்வதும் இதுதானே.

2010ல் லண்டனில் ஃபிலிப்பா லாலியின் குழு செய்த ஆய்வு இன்னும் ஆறுதலானது. 96 பேர் ஒரு புதிய பழக்கத்தைத் தினமும் செய்து பார்த்தார்கள். அது இயல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஜனவரி 9ஆம் தேதி வேதவாசிப்பைத் தவறவிட்டு, 'போச்சு, இந்த வருஷமும் அவ்வளவுதான்' என்று மூடி வைத்துவிடுகிற நம் சகோதர சகோதரிகளுக்கு இதை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். 66 நாள் என்றால் மார்ச் முதல் வாரம். சிலருக்குச் செப்டம்பர்கூட ஆகலாம். ஜனவரியில் சாட்சி கேட்டுவிட்டுப் பிப்ரவரியில் தலைப்பை மறந்துவிடுகிற சபை, பழக்கம் வேர்விடுவதற்கு முன்பே கையை எடுத்துவிடுகிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில், மேடையில் எழுந்து நின்று பொதுவாகத் தீர்மானம் எடுக்கச் சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'இந்த ஆண்டு கோபப்பட மாட்டேன்' என்பது தீர்மானமே அல்ல, அது ஒரு ஆசை. எங்கே, எப்போது, யாரிடம் கோபம் வருகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு ஏதாவது செய்ய முடியும். இப்படி ஒரு சூழ்நிலை வந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது எவ்வளவு உதவுகிறது என்று மனோதத்துவ ஆய்வாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ல் எழுதிய கட்டுரை ஆய்வு உலகில் பெயர்பெற்றது. அதைச் சபையில் எப்படிச் செய்யலாம் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர், நல்லவர், உதவி என்றால் முதலில் ஓடுகிறவர். ஆனால் சபைக் கமிட்டியில் வரவுசெலவுக் கணக்கு வந்தால் குரல் உயர்ந்துவிடும், அதோடு அன்றைய கூட்டம் முடிந்துவிடும். மூன்று பேர் மட்டும் இருந்த ஒரு சந்திப்பில் அவரே அதைச் சொன்னார். கூட்டம் முழுக்கப் பொறுமையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. பதிலாக ஒன்று முடிவு செய்தோம். கணக்கு வரும்போது, பேச வேண்டிய முதல் வாக்கியத்தை மட்டும் அவர் காகிதத்தில் எழுதிவிட்டுப் பேசுவார். எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்காருவார். அடுத்த கூட்டத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். மூன்று வரி எழுதி மூன்றையும் அடித்திருந்தார். நான்காவதாக, 'இந்தச் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது எந்தக் கூட்டத்தில்?' என்று ஒரு கேள்வி. அதை மட்டும் கேட்டார். பொருளாளரும் பதில் சொன்னார். அதற்குப் பிறகும் அவர் சத்தம் போட்ட நாட்கள் உண்டு. ஆனால் சத்தம் போட்ட அன்றே பொருளாளரைத் தேடிப் போய்ப் பேசிவிடுகிற பழக்கம் வந்தது. இதைத்தான் நான் வளர்ச்சி என்பேன்.

இப்படி இரண்டு மூன்று பேராகச் சேருவதை உங்கள் குழுவில் தொடங்கி வையுங்கள். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் சேர்வது நல்லது. நீங்களே ஆட்களைப் பிரித்துப் போடாமல், நம்பிக்கை இருக்கிறவர்களோடு அவர்களே சேரட்டும். வாரம் ஒருமுறை சந்தித்தால் போதும், அரை மணி நேரம் தாராளம். கடந்த வாரம் எப்படிப் போனது, எங்கே விழுந்தோம், அந்த நேரத்துக்கு முன்னால் என்ன நடந்தது, அடுத்த வாரம் எந்த நேரம் பயமாக இருக்கிறது என்று பேசட்டும். விழுந்ததைவிட அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்பது மிகவும் உதவும். பெரும்பாலும் அங்கே ஒரு தனிமை இருக்கும், அல்லது ஒரு அவமானம், அல்லது வெறும் களைப்பு. இச்சையைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் தூக்கமின்மையைப் பற்றிப் பேசி முடிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசியில் ஒருவர் மற்றவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும். யாக்கோபு 5ஆம் அதிகாரம், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபம்பண்ணுங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். இதில் தளர்ந்தால் எல்லாம் போய்விடும். 'அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பாவம்' என்று தொடங்கி அடுத்தவர் இரகசியத்தை ஊரெல்லாம் சொல்கிற வழக்கம் நம் நடுவில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். ஒரு சபை நாவின் இச்சையடக்கத்தைக் கற்றுக்கொள்ளாமல் வேறெந்த இச்சையடக்கத்திலும் வளர முடியாது. வாலிபரின் கைபேசியைப் பற்றி மூன்று வாரம் பிரசங்கித்துவிட்டு, மூப்பர்களின் புறங்கூறுதலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாவிட்டால், வாலிபர்கள் அதைக் கவனிப்பார்கள். கவனிக்கத்தான் வேண்டும். இந்த ஆண்டுத் தலைப்பைத் தலைவர்கள் முதலில் தங்களுக்கு எடுத்துக்கொள்ளட்டும். குழுச் செய்திகளில் கோபமாக எழுதியதைக் காலை வரை அனுப்பாமல் வைப்பது, ஆளில்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசாமலிருப்பது, இந்த இரண்டையும் மூப்பர்களும் போதகரும் கடைப்பிடித்தாலே சபையின் காற்று மாறும்.

இந்தக் குழுக்களைக் கண்காணிப்புக் கருவியாக மாற்ற ஒருபோதும் விடாதீர்கள். யார் எங்கே விழுந்தார் என்ற அறிக்கை போதகரிடம் போகக் கூடாது. கைபேசியை வாங்கிப் பார்ப்பது, வீட்டுக்குத் திடீரென்று போய்ச் சோதிப்பது, எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்துவது, இவையெல்லாம் மனிதர்களைப் பயமுறுத்தும். பயந்தவர்கள் நன்றாக ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். சீர்பொருந்தப் பண்ணச் சொன்ன அதே வசனத்தில், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்றும் இருக்கிறது. ஒரு குழந்தைக்கோ வேறு யாருக்கோ தீங்கு நடந்திருப்பது தெரியவந்தால் மட்டும் இரகசியம் காப்பது பொருந்தாது. அதைத் தாமதிக்காமல் உரியவர்களிடமும் சட்டப்படியும் கொண்டுபோக வேண்டும். குழு தொடங்கும் நாளிலேயே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

குடிக்கோ போதைக்கோ சூதாட்டத்துக்கோ அடிமையாகிவிட்டவர்களிடம் 'இன்னும் ஜெபியுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும். சபை அவரோடு மருத்துவமனைக்குப் போகட்டும், காத்திருக்கும் அறையில் கூட உட்காரட்டும், அவர் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பாரத்தைச் சுமப்பது என்றால் இதுவும்தான். நீங்காத மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

உபவாசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டின் தொடக்கத்தில் நீண்ட உபவாசம் அறிவிக்கிற சபைகள் உண்டு. நல்லதுதான், ஆனால் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் உணவுப் பழக்கத்தில் ஏற்கெனவே போராடுகிறவர்களையும் வெளிப்படையாக விலக்கி வையுங்கள், அவர்கள் வெட்கப்படாதபடி. ஏசாயா 58ஐ வாசித்து, சாப்பிடாமல் மிச்சமானது பசியுள்ள ஒருவருக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, நாட்காட்டி. பிப்ரவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் ஒரு ஞாயிறை இப்போதே குறித்துவிடுங்கள். அன்று ஆராதனைக்குப் பிறகு, தீர்மானம் உடைந்தவர்கள் வெட்கமில்லாமல் வந்து மறுபடி தொடங்க அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும் என்று புத்தாண்டு ஆராதனையிலேயே அறிவியுங்கள். விழுவார்கள் என்று தெரிந்தே தங்களுக்காக ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்கும்போதே சிலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். பிப்ரவரி கூடுகையில் முதலில் பேசுவது போதகராகவோ நீங்களாகவோ இருக்கட்டும். நன்றாகப் போனதை அல்ல, ஜனவரியில் எங்கே தவறினீர்கள், யாரிடம் போய்ச் சொன்னீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் வாலிபர்கள் வாய் திறப்பார்கள்.